ஏட்டம்மாவின் ஆள்காட்டி விரல்

ஏட்டம்மா டீ குடிப்பதை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு, அவருக்கு விரலில் அடிபட்டிருக்கிறது என்றுதான் தோன்றும். கட்டை விரலும் மற்ற மூன்று விரல்களும் தம்ளரைப் பிடித்திருக்கும். ஆள்காட்டி விரல் மட்டும் அந்த வேலைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ஓரமாக நேரே நீட்டிக்கொண்டு நிற்கும். தோசைக் கரண்டி, துடைப்பம், குடை எல்லாவற்றையும் அப்படித்தான் பிடிப்பார். ஸ்கூட்டர் பிரேக்கைக்கூட மூன்று விரலால்தான் பிடிப்பார். காலிங்பெல்லைக் கட்டை விரலால் அழுத்துவார். யாரையாவது காட்ட வேண்டுமென்றால் மோவாயால் காட்டுவார். ரேஷன் கடையில் கைரேகை மெஷின் முன்னால் அந்த விரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு, "ரெடியா? வைக்கலாமா? வச்சிரட்டுமா?" என்று மூன்று தடவை கேட்பார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடும்.

"வைங்கம்மா, வெடிக்காது" என்று ஒருவர் ஒருநாள் கத்தினார்.

"வெடிக்காதுன்னு நெனைக்கிறதுதான் தம்பி வெடிக்கும்" என்றார் ஏட்டம்மா, திரும்பிப் பார்க்காமல்.

அவர் புதுக்கோட்டை ஆயுதப்படையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருமுனையில் நின்று விசில் ஊதுகிற வேலை அல்ல. துப்பாக்கிகளைப் பூட்டி வைக்கிற அறையின் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, டியூட்டிக்குப் போகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்ததும் வாங்கி எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பது. சர்வீஸில் பாதிக்கு மேல் அந்த ஜன்னலிலேயே போயிருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. அவருக்குப் பெயர் உண்டு, நல்ல பெயர்தான். தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை என்பதால் நானும் எழுதவில்லை.

எனக்கு நகைக்கடை. ஒட்டினாற்போல் என் தம்பிக்குப் பாத்திரக்கடை. அப்பா ஒரே கடையாக வைத்திருந்ததை நாங்கள் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டோம். ஒரு வருஷம் பொங்கலுக்கு முன்னால் திருடர்கள் பின்சுவரில் கன்னம் வைத்தார்கள். என் கடைக்கு வைத்த கன்னம் ஐந்தடி தள்ளித் தம்பி கடைக்குள் போய்விட்டது. தங்கத்துக்கு ஆசைப்பட்டு உள்ளே வந்தவர்களுக்கு எதிரே இட்லிக் குண்டான். வந்ததற்கு இரண்டு குக்கரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"ஒன் நகைக்கு வந்தவன் என் குக்கரைத் தூக்கிட்டுப் போயிருக்கான்" என்று தம்பி கடைவீதி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான். "ஒன்னாலதான் என் செவத்துல ஓட்டை. இனிமே ஒன் படியில என் அண்டா நிக்கும். என்ன செய்வியோ செய்."

நின்றது. நான்கு பித்தளை அண்டாக்கள், ஒன்றை ஒட்டி ஒன்றாக, என் கடைப் படியில். நகை வாங்க வருகிறவர்கள் அண்டாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே வருவார்கள். சிலர் அண்டா என்ன விலை என்று என்னிடமே கேட்பார்கள். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

என் கோபத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கடையில் கால்குலேட்டரை டஜனாக வாங்கி வைப்போம். ஒன்று மேசையில் இருக்கும், பதினொன்று அலமாரியில் இருக்கும். மேசையில் இருப்பது எப்போது சுவரில் மோதும் என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அது சுவரில் மோதுகிற சத்தம் கேட்டபிறகுதான் நான் எறிந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியவரும். இப்படிப்பட்ட நான்தான் நகைக்கடைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டேன். விசாரணை, கலெக்டர் ஆபீஸ், மறுபடி விசாரணை என்று அலைந்து கடைசியில் லைசென்ஸ் கைக்கு வந்தது. பிஸ்டல் ஒன்று. குறிப்பிட்ட தேதிக்குள் வாங்கிக்கொண்டு வந்து காட்ட வேண்டும், தவறினால் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும்.

எந்தப் பிஸ்டல் வாங்குவது? தெருவிலேயே ஆள் இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பது என்று ஏட்டம்மாவிடம் போனேன். வாசலில் தள்ளுவண்டிக்காரரிடம் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்ல ஆட்டோமேடிக் பிஸ்டலா ஒண்ணு சொல்லுங்க ஏட்டம்மா."

"ஆட்டோமேடிக் இல்ல மொதலாளி, செமி. அடுத்த தோட்டாவை அதுவே ஏத்திக்கிரும். சுடுறது நீங்கதான். ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு. அதனால இழுப்பைப் பத்தித்தான் மொதல்ல பேசணும்." அவர் என்னை மொதலாளி என்று கூப்பிடுவதில் எப்போதும் கொஞ்சம் கிண்டல் இருக்கும். "துப்பாக்கி வாங்க வாரவங்க பூராப் பேரும் சைஸைப் பாப்பாங்க, பளபளப்பைப் பாப்பாங்க. ட்ரிகரை ஒருத்தரும் பாக்குறதில்ல. ஒங்களுக்கும் அதுக்கும் உள்ள ஒறவு பூராவும் அந்த ஒரு எடத்துலதான இருக்கு?"

ஒரு வெண்டைக்காயை எடுத்து என் கையில் கொடுத்தார். "நுனியை அமுக்குங்க. மெதுவா. இன்னும் கொஞ்சம்."

டக் என்று ஒடிந்தது.

"இதுதான் நல்ல ட்ரிகர். இந்தா, இதையும் அமுக்குங்க." அது முற்றின காய். வளைந்தது, நசுங்கியது, நார் நாராக வந்தது. "இது எப்ப ஒடியும்னு இதுக்கே தெரியாது. இந்த மாதிரி ட்ரிகர் இருந்தா தூக்கிப் போட்டுருங்க. ஒடிக்கலாம்னு முடிவு பண்றது நீங்களா இருக்கணும். முடிவு பண்ணிட்டா அது சுத்தமா ஒடியணும்."

"புரியுது" என்று நான் இன்னொன்றை ஒடித்தேன். பிறகு இன்னொன்று.

"ஏங்க, எல்லாத்தையும் ஒடிச்சுப் போட்டா நான் யாருக்கு விக்கிறது?" என்று வண்டிக்காரர் சத்தம் போட்டார். ஒடித்ததை எல்லாம் நானே எடுத்துக்கொள்ளும்படி ஆயிற்று. அன்றைக்கு எங்கள் வீட்டில் வெண்டைக்காய் மண்டி. அடுத்த நாளும் அதுதான்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டுப் பின்கட்டில் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை நடந்தது. துப்பாக்கி என்று அந்த வீட்டில் ஒன்றும் கிடையாது. ஒரு எலிப்பொறி, கிணற்றடியில் ஒரு அடிபம்பு, அடுப்படியிலிருந்து எடுத்து வந்த கேஸ் லைட்டர், பிறகு ஒரு ஸ்பிரிங் தராசு. தராசு மணமேல்குடியில் மீன் வியாபாரம் செய்கிற அவர் அக்காவுடையது. எவ்வளவு கழுவினாலும் அதில் வாடை போகாது. அதைக் கையில் பிடித்த நாளில் என் மனைவி என்னை அடுப்படிக்குள் விடமாட்டாள்.

"ட்ரிகருல மூணு ரகம் பாப்போம்" என்று ஆரம்பித்தார். எலிப்பொறியின் கம்பியை இழுத்து மாட்டி என் முன்னால் வைத்தார். "மொத ரகம். தோட்டாவைப் பின்னால அடிக்கிற சுத்தியலை முன்னாடியே ஏத்தி வச்சிரணும். ட்ரிகருக்கு ஒரே வேலை, விட்டுவிடுறது. லேசா இருக்கும், இழுப்பும் கொஞ்சம்தான், குறி நல்லா விழும். ஆனா ஏத்தி வச்ச சுத்தியலைப் பக்கத்துல வச்சிக்கிட்டுத் தூங்கணும். சேஃப்டிப் பூட்டைப் போட மறந்தா முடிஞ்சது."

பிறகு அடிபம்பு. "ரெண்டாவது ரகம். சுத்தியலைத் தூக்குறதும் ட்ரிகர்தான், விடுறதும் ட்ரிகர்தான். மொத அடி கஷ்டம். இழுப்பு நீளம், பாரம். ஒருதடவை வெடிச்சிருச்சுன்னா சுத்தியல் தானே ஏறிக்கிரும். ரெண்டாவதுலேருந்து லேசு. அடிச்சுப் பாருங்க."

அடித்துப் பார்த்தேன். முதல் அடிக்குத் தோள்பட்டை வலித்தது. தண்ணீர் ஏறினபின் ஒரு கையாலேயே அடிக்க முடிந்தது.

"மூணாவது, புது ரகம்" என்று கேஸ் லைட்டரை நீட்டினார். "வெளிய சுத்தியலே தெரியாது. எல்லாம் உள்ள ஸ்பிரிங்கு. எப்ப அமுக்குனாலும் ஒரே அழுத்தம், ஒரே டிக். மொதலும் ஒண்ணுதான், பத்தாவதும் ஒண்ணுதான். பழகுறதுக்குச் சுலபம். ஆனா தனியாத் தள்ளிவிடுற சேஃப்டி பலதுல இருக்காது. ஒங்க வெரல்தான் சேஃப்டி."

மூன்றையும் தராசில் மாட்டி எத்தனை கிலோ இழுப்புக்கு இளகுகிறது என்று பார்த்தோம். எலிப்பொறி தராசின் முள் அசைவதற்கு முன்னாலேயே என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டது. நான் அதைத் தூக்கிக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டேன். எறிந்தபின்தான் எனக்கே தெரிந்தது. ஏட்டம்மா கிணற்றை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது எலிப்பொறி வந்திருந்தது.

அவருக்கு மனிதர்களையும் இப்படி ரகம் பிரிக்கிற வழக்கம் இருந்தது. என் மனைவியை, "ஒங்க வீட்டம்மா கேஸ் லைட்டரு. சுத்தியல் இருக்குறதே வெளிய தெரியாது. எப்பவும் ஒரே அழுத்தம்" என்பார். என் தம்பி அடிபம்பு. "மொத அடிதான் கஷ்டம். வர ஆரம்பிச்சிட்டா நிக்காது." என்னைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "நீங்க காலையில பல்லு வெளக்கும்போதே சுத்தியலை ஏத்தி வச்சிர்றீங்க. அப்புறம் எலி வந்தாலும் ஒண்ணுதான், ஒங்க வீட்டம்மா காபி கொண்டாந்தாலும் ஒண்ணுதான்."

"சரி, எனக்கு எந்த ரகம் பொருந்தும்?"

"அதைத்தான பாத்துக்கிட்டு இருக்கோம்."

பார்த்தோம், பார்த்தோம், பார்த்துக்கொண்டே இருந்தோம். மோதிரம் போட்ட விரலுக்கு எது தோதுப்படும் என்று ஒரு வாரம். சித்திரை வெயிலில் கை வியர்த்தால் எது வழுக்கும் என்று ஒரு வாரம். இடது கைக்கு ஒரு வாரம். வயிறு நிறையச் சாப்பிட்டபின் விரல் மந்தப்படுகிறதா என்று பார்க்க ஒரு வாரம், அன்று சாப்பாடும் அவர் வீட்டில்தான். நடுவில் எந்த நேரமும், "வெரல் வெளிய!" என்று ஒரு அதட்டல் வரும். லைட்டரைக் கையில் வாங்கினாலே வரும். அவர் சொல்லும்வரை ஆள்காட்டி விரல் நேராக ஓரத்தில்தான் இருக்க வேண்டும். நாலு மாதத்தில் எனக்கு வீட்டிலும் அது தொற்றிக்கொண்டது. டீத் தம்ளரை நான் பிடிப்பதைப் பார்த்து என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

இந்த இழுத்தடிப்பு அவருக்குப் புதிதல்ல என்று எனக்கு அப்போது தெரியாது. அவரோடு வேலை பார்த்த ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் மகளுக்கு வளையல் வாங்க என் கடைக்கு வந்தபோது சொன்னார். டியூட்டிக்குப் போகிறவன் முகம் கடுகடு என்று இருந்தால் ஏட்டம்மா ஜன்னலிலிருந்து துப்பாக்கி வெளியே வராது. எடுத்துப் பார்ப்பார், காதருகே வைத்து ஆட்டுவார், உதட்டைப் பிதுக்குவார். "ஸ்பிரிங் சரியில்ல. இன்னைக்கு லத்தியோட போங்க" என்பார். ஒரு புது அதிகாரி வந்து பழுது நோட்டைப் புரட்டியிருக்கிறார். கிடங்கிலேயே நல்ல நிலையிலிருந்த துப்பாக்கிக்கு ஒரே வருஷத்தில் இருபது தடவை ஸ்பிரிங் போயிருந்தது. அதிகாரி கூப்பிட்டுக் கேட்டதற்கு, "ஸ்பிரிங் போனது துப்பாக்கிக்குன்னு நான் எழுதவே இல்லீங்களே ஐயா" என்று சொல்லியிருக்கிறார்.

இதை நான் ஏட்டம்மாவிடம் கேட்டேன். சிரித்தார். "ஒரே ஒருநாள் ஒருத்தனுக்கு மூஞ்சியைப் பாக்காமக் குடுத்துட்டேன். அன்னைக்குப் பாத்து எனக்குப் பல்லு வலி. அவன் பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வந்திருக்கான். ஜீப்புல ஏறுனவன் எதையோ நெனைச்சிக்கிட்டே வெரலை மடக்கிட்டான். ஜீப்புத் தரையில ஓட்டை. ஓட்டைக்கும் அவன் காலுக்கும் நாலு வெரக்கடை. அவன் ஆத்தா செஞ்ச புண்ணியம்." சிரிப்பு நின்றுவிட்டது. "இப்பவும் எனக்குப் பல்லு வலிச்சா அந்தச் சத்தம் கேக்கும் மொதலாளி."

லைசென்ஸில் போட்டிருந்த கெடுவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அன்றைக்குக் காலையில் அண்டாவில் இடித்துக்கொண்டு எனக்கு முழங்கால் வீங்கியிருந்தது. நேராக ஏட்டம்மா வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவர் வேண்டுமென்றே நாளைக் கடத்துகிறார் என்றேன். அவருக்கு ஒன்றும் தெரியாது என்றுகூடச் சொன்னேன், அது தப்பு.

"எதுக்கு இம்புட்டு அவசரம்? திருடன் தேதி குடுத்திருக்கானா?"

"கெடு முடியப்போகுது ஏட்டம்மா!"

"சரி, வாங்கிட்டீங்கன்னே வச்சிக்குவோம். மொத நாளு அதை எங்க வைப்பீங்க? லாக்கருலயா?"

"மேசை மேல வைப்பேன்."

"நகை வாங்க வாரவங்க பயப்பட மாட்டாங்க?"

"அவங்க ஏன் பாக்குறாங்க? அங்கிட்டு இருக்கான்ல, அவன் கண்ணுல பட்டாப் போதும். அப்புறம் பாப்போம் அண்டா எங்க நிக்குதுன்னு."

சொல்லிவிட்டேன். நான்கு மாதமாக என் மனைவியிடம்கூடச் சொல்லாததை அண்டா இடித்த வலியில் சொல்லிவிட்டேன். சுடுகிற எண்ணம் எனக்கு இல்லை, சத்தியமாக இல்லை. மேசை மேல் வைக்க வேண்டும், தம்பி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஏட்டம்மா தம்ளரைக் கீழே வைத்தார்.

"நாளைக்குக் காலையில திருச்சிக்குப் போவோம். லைசென்ஸை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

திருச்சியில் அந்தத் துப்பாக்கிக் கடை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. கடைக்காரருக்கு ஏட்டம்மாவை நன்றாகத் தெரிந்திருந்தது. "வாங்க, இன்னொருத்தரா?" என்றார். அதை நான் அப்போது காதில் வாங்கவில்லை. லைசென்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பச்சைத் துணி விரித்து மூன்று பிஸ்டல்களை எடுத்து வைத்தார். நாலு மாதமாக எலிப்பொறியையும் லைட்டரையும் பார்த்த கண்ணுக்கு அவை கல்யாணப் பெண்கள் போல இருந்தன.

ஏட்டம்மா ஒவ்வொன்றாக எடுத்தார். தோட்டாப் பெட்டியைக் கழற்றினார். மேல் பகுதியைப் பின்னால் இழுத்து உள்ளே பார்த்தார். சுண்டு விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை. கடைக்காரர் கொட்டாவி விட்டார்.

"காலியா இருக்கு. இருந்தாலும் நெறஞ்சிருக்குன்னு நெனைச்சிக்கிட்டுப் பிடிங்க. அந்த மூலையில மணல் பொட்டி இருக்கு பாருங்க, அதைப் பாத்துக் குறி வைங்க. நான் சொல்ற வரைக்கும் வெரல் வெளிய."

முதல் ரகத்தைக் கையில் கொடுத்தார், சுத்தியல் ஏற்றி. கனமாக, குளிர்ச்சியாக, எனக்காகவே செய்ததுபோல் இருந்தது. குறி வைத்துக்கொண்டு நின்றேன். ஏட்டம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று, கடைக்காரரோடு பேசுகிற குரலில் சொன்னார்: "காலையில பஸ் ஏற வாரப்ப பாத்தேன் மொதலாளி. ஒங்க தம்பி அண்டாவுக்குப் பக்கத்துல ரெண்டு குத்துவெளக்கும் வச்சிட்டாரு, ஒங்க படியில."

க்ளிக்.

"ம்" என்றார். அதை வாங்கி வைத்துவிட்டு இரண்டாவதைக் கொடுத்தார். பாரமான நீள இழுப்புக்காரன். "ஒரு போர்டு வேற எழுதக் குடுத்திருக்காராம். 'தங்கம் தூங்கும், எவர்சில்வர் ஒழைக்கும்'னு. ஒங்க வாசலைப் பாத்தாப்புல மாட்டப் போறாராம்."

க்ளிக்.

மூன்றாவது, சுத்தியல் தெரியாத புது ரகம். "ஒங்க அப்பா படம் ஒங்க கடையிலதான இருக்கு? அது மூத்தவன் கடையில எதுக்கு, எனக்குத்தான் வேணும்னு ஊரைக் கூட்டப் போறாராம்."

க்ளிக்.

நான் பிஸ்டலைத் துணி மேல் வைத்துவிட்டு, தெரிந்தவன் மாதிரி சொன்னேன். "மொதலாவது ரொம்ப லேசு. ரெண்டாவது வெரல் வலிக்குது. மூணாவதுதான் சரி, சீரா இருக்கு. இதையே எடுத்துக்குவோம்."

"மொதலாளி, நான் எப்ப இழுக்கச் சொன்னேன்?"

கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மூலையில் இருந்த மணல் பெட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்றாவது தடவை என் கை அந்தப் பெட்டிக்கு நேராகக்கூட இல்லை. வாசல் பக்கம் திரும்பியிருந்தது. வாசலுக்கு வெளியே ஒரு அம்மா மூக்குக்கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேசு ரகம், பார ரகம், சீரான ரகம் எல்லாம் பாத்தாச்சு" என்றார் ஏட்டம்மா. "அஞ்சு கிலோ இழுப்புகூட ஒங்களுக்குப் பத்தல. மூணுமே செரிப்படாது." கடைக்காரரிடம் திரும்பி, "எடுத்து உள்ள வைங்க. வாரோம்" என்றார்.

கீரனூர் தாண்டுகிறவரை பஸ்ஸில் நான் லைசென்ஸைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தேன். ஏட்டம்மா வெள்ளரிக்காய் வாங்கி, விரலை நீட்டிக்கொண்டே தின்றுகொண்டு வந்தார்.

"மூணாம் மனுஷன் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டீங்க" என்றேன் கடைசியில். "அவ்வளவும் பொய்தான?"

"பொய்தான். பொய்க்கே மூணு தடவை இழுத்தீங்க."

"எல்லாம் அவனாலதான். என் தம்பி மட்டும் ஒழுங்கா இருந்தா எனக்கு எதுக்குத் துப்பாக்கி?"

"இதே பேச்சைத்தான் ஒங்க தம்பியும் பேசுனாரு. போன மாசம், இதே பஸ்ஸுல. ஜன்னல் சீட்டுக்கு என்னோட சண்டை போட்டுக்கிட்டு."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். கன்னம் விழுந்தது அவன் கடையில். குக்கர் போனது அவனுக்கு. போலீஸில் புகார் கொடுத்ததும் அவன்தான். எனக்கே லைசென்ஸ் கிடைக்கும்போது அவனுக்குக் கிடைக்காதா? நான் ஞாயிற்றுக்கிழமை வெண்டைக்காய் ஒடித்தேன், அவன் வியாழக்கிழமை ஒடித்திருக்கிறான். எங்கள் இரண்டு பேருடைய மனைவிகளுக்கும் இது முழுக்கத் தெரியும். நாங்கள் பேசாமல் இருந்த காலமெல்லாம் அவர்கள் கொல்லைப்பக்கம் நின்று பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

"அவனும் அந்தக் கடையில..."

"மூணு."

"அவன்கிட்ட என்ன பொய் சொன்னீங்க?"

ஏட்டம்மா வெள்ளரிக்காயை மென்று முடித்தார். "பொய்யெல்லாம் தேவைப்படல. ஒங்க பேரைச் சொன்னேன்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும் பேரு மட்டுந்தான்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் என்றால் அதுதான் பயம், திருடன் வந்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. ஒரே சுவர். இந்தப் பக்கம் மேசை மேல் ஒன்று, அந்தப் பக்கம் மேசை மேல் ஒன்று. நடுவில் ஒரு அண்டா. என் தம்பி சின்ன வயதில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் கடைவீதியில் நடப்பான். அவனுக்கு என் பெயரைக் கேட்டால் விரல் மடங்குகிறது, எனக்கு அவன் பெயரைக் கேட்டால் மடங்குகிறது. வெட்கத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏட்டம்மா பாதி வெள்ளரிக்காயை என் கையில் திணித்தார்.

கெடுவை நான் கடக்க விட்டுவிட்டேன். அவனும் விட்டுவிட்டான் என்று என் மனைவி சொன்னாள். பின்சுவருக்கு இரும்புத் தகடு அடித்தோம். இரண்டு கடைக்கும் சேர்த்து ஒரே நீளத் தகடு. அளவெடுக்க அவன் ஆளும் என் ஆளும் வந்தார்கள், நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அண்டாவும் நின்ற இடத்தில் நின்றது. ஆனால் அலமாரியில் இருந்த கால்குலேட்டர்கள் தீர வெகுகாலம் ஆயிற்று.

போன மாதம் ஏட்டம்மா போய்விட்டார். தூக்கத்திலேயே போயிருக்கிறார். காலையில் செய்தி கேட்டு ஓடினேன். வாசலில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆயுதப்படையிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். ரைஸ்மில் வைத்திருக்கிற ஒருவர், திருவரங்குளம் பக்கத்திலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர், யாரென்றே தெரியாத இன்னும் சிலர். டீக்கடையிலிருந்து கேனில் டீ வந்தது. பேப்பர் கப்பை வாங்கிக்கொண்டு கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே என் தம்பி உட்கார்ந்திருந்தான்.

ஏட்டம்மாவின் மகள் அழுது வீங்கின முகத்தோடு வெளியே வந்தவர், பந்தலைப் பார்த்து அப்படியே நின்றார். ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு அழுகைக்கு நடுவில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மாகிட்டத் துப்பாக்கி பாக்க வந்தவங்க எல்லாரும் இங்கிட்டு ஒரே வரிசையா உக்காந்திருக்கீங்க" என்றார்.

நான் அப்போதுதான் பார்த்தேன். ரைஸ்மில்காரர் பேப்பர் கப்பை மூன்று விரலால் பிடித்திருந்தார். தென்னந்தோப்புக்காரரும் அப்படித்தான். போலீஸ்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான். அத்தனை பேர் கையிலும் ஆள்காட்டி விரல் கப்பின் ஓரமாக நேரே நீட்டிக்கொண்டு நின்றது. தம்பி என் விரலைப் பார்த்தான். நான் அவன் விரலைப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

"அண்ணே, டீ ஆறுது" என்றான்.

நான்கு வருஷத்தில் அவன் என்னிடம் பேசின முதல் பேச்சு. நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்தேன்.

மறுநாள் காலையில் கடை திறக்கப் போனேன். படியில் அண்டாக்கள் வழக்கம்போல அடுக்கியிருந்தன. முழங்காலை ஒதுக்கிக்கொண்டு சுற்றிப் போனவன், இடம் கொஞ்சம் தாராளமாக இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தேன். எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான் இருந்தன.

மொத அடிதான் கஷ்டம் என்று ஏட்டம்மா சொல்லியிருக்கிறார். காத்திருக்கிறேன்.